முற்றத்து வெயில்

786
ஒரத்தநாடு
4.2.1999

அன்பு மகன் நௌஷாதுக்கு அம்மா கமருன்னிஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்றைக்குத் தஞ்சாவூர் டாக்டர் அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக்கூடாது. நான், உன் பெண்சாதி ஃபஹ்மிதா, உன் சாச்சா ஜெகபர் அலி, கூப்பிடாமலே காரில் ஏறி உட்கார்ந்த பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி. டாக்டர் பேசும்போது ஃபஹ்மிதா கொட்டாவி விட்டாள். அதையும் பார்த்தேன்.

கதவு நிலையில் கையை ஊன்றினதற்கே மணிக்கட்டு ஒடிந்ததே, அதைப் பார்த்துவிட்டு, "எலும்பு உள்ளே உளுத்துப்போயிருக்கும்மா" என்றார். முன்னே அவர் கொடுத்த மாத்திரை நெஞ்சை எரித்து வாந்தியாக வந்ததைச் சொன்னேன். "உங்க வயித்துப்புண்ணுக்கு அது ஆகாது, நிறுத்திடுங்க. இனிமே சாப்பாடு, வெயில், நடை, இதுதான் உங்களுக்கு மருந்து. கீழே மட்டும் விழுந்துடாதீங்க" என்றார். எல்லார் காதிலும்தான் விழுந்தது.

சொன்னபடி செய்கிறேன். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, எள்ளுருண்டை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வாய்க்கால் கரை வரை நடை. பத்து மணிக்கு முற்றத்தில் முக்காட்டை எடுத்துவிட்டு, கையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஆம்பிளைக் கண் படாத வெயில் எனக்கு இந்த ஊரில் அது ஒன்றுதான்.

உன் மகள் ஹஃப்ஸாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டை மாற்றப் போகிறாயாம். செய். முற்றத்தை மட்டும் மூடாதே. தரையை வழவழவென்று போடாதே.

உன் அம்மா
கமருன்னிஸா

---

ஷார்ஜா
26.2.1999

பாசமுள்ள அம்மாவுக்கு நௌஷாத் ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் கடிதத்தை ரூமில் எல்லாரும் தூங்கிய பிறகு திரும்பவும் படித்தேன். மனசு கேட்கவில்லை. ஊருக்கு வரும் மீரா உசேன் கையில் பால் மாவு டப்பாக்களும் வழுக்காத செருப்பும் கொடுத்தனுப்புகிறேன். வீட்டுக்குள்ளேயும் செருப்பைப் போட்டு நடங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம் அம்மா. மீரா உசேன் வீட்டுத் தரையில் முகம் பார்க்கலாம். முற்றம் வைத்த வீட்டை இப்போது யாரும் மதிப்பதில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கிழக்கு மூலையில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்குத் திறந்து விடச் சொல்கிறேன். சாச்சாவிடம் போனில் நானே பேசுகிறேன். கவலைப்படாதீர்கள்.

உங்கள் மகன்
நௌஷாத்

---

786
ஒரத்தநாடு
20.4.1999

அன்பு மகன் நௌஷாதுக்கு அம்மா துஆ செய்து எழுதுவது.

முற்றத்துக்கு மேலே கான்கிரீட் போட்டு, நேற்றோடு தரைக்கல்லும் பதித்து முடித்துவிட்டார்கள். கட்டில் அளவு இடம் எங்கேடா என்று ஜெகபர் அலியைக் கேட்டேன். "நௌஷாத் அப்படி ஒண்ணும் சொல்லலையே அண்ணி. தரைக்கல்லு கலரைத்தான் கேட்டான்" என்கிறான். நீ சொன்னாயா, சொல்லவில்லையா? ஒரு வரி எழுது.

"வாசல்ல போய் உக்காருங்க மாமி, அங்கயும் வெயில்தான் அடிக்குது" என்கிறாள் ஃபஹ்மிதா. பஸ் போகிற ரோட்டைப் பார்த்துக் கையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்காருவதா?

ரஹ்மத் பீவி வந்து, "தரையில உங்க மூஞ்சியே தெரியுது லாத்தா, ராணி மாதிரி இருக்கீங்க" என்றாள். ராணி சுவரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கப் போகிறாள். கீழே பார்த்தால் குளத்துமேல் நிற்கிற மாதிரி இருக்கிறது.

அம்மா
கமருன்னிஸா

---

ஷார்ஜா
15.5.1999

அன்பு அம்மாவுக்கு,

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்குப் போனில் கல் நிறத்தைப் பேசிக்கொண்டே இருந்ததில் உங்கள் விஷயம் விட்டுப்போயிற்று. மறந்துவிட்டேன். இப்போது உடைத்தால் கூரை முழுக்க விரிசல் விடும் என்கிறார் மேஸ்திரி.

மாடியில் நல்ல வெயில் இருக்கிறது அம்மா. ஆள் உயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பச் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை மறக்கவில்லை. படிக்கட்டுக்கு எவர்சில்வர் கைப்பிடி கார்கோவில் போட்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நௌஷாத்

---

ஒரத்தநாடு
9.8.1999

நௌஷாத்,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து சாய்ந்துதான் இருக்கும்.

பொறுத்துப் பார்த்தேன். முதுகு கூன ஆரம்பித்தது. மாடியில் சுவர் எழும்பிற்று, கைப்பிடி வரவில்லை. சுவரைப் பிடித்து மாடி ஏறினேன். வெயில் நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இறங்கும்போது உன் வழவழப் படியில் கால் போய்விட்டது. இடுப்பு எலும்பு.

அதே டாக்டர்தான். "ஆணி வெச்சுக் கட்டினாலும் பிடிச்சு நிக்க எலும்பு வேணுமேம்மா" என்றார். ஆபரேஷன் இல்லை என்று அனுப்பிவிட்டார். பக்கத்தில் ஒரு காகம் உட்கார்ந்தால் ஓட்ட முடியாது எனக்கு. தொழுகையும் கண்ணால்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தரையைத்தான் ரொம்பப் புகழ்ந்தார்கள். தைல வாடை அடிக்கும் என்று என் அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்து எல்லாம் கேட்டேன்.

கொட்டாவி விட்ட ஃபஹ்மிதாதான் என்னைத் திருப்பிப் போடுகிறாள், கழுவி விடுகிறாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவளை மன்னித்துவிட்டேன். ஜெகபர் அலி கால்மாட்டில் உட்கார்ந்து, "டாக்டர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சே அண்ணி" என்று அழுகிறான். அவனையும் மன்னித்துவிட்டேன். ரஹ்மத் பீவி, "எங்க வீட்டு முற்றத்துக்குத் தூக்கிட்டுப் போயிடவா லாத்தா" என்று தினமும் கேட்கிறாள். என்னை அசைக்கக்கூடாதாம். உன் அத்தா உபைதுல்லாவின் மௌத்துக்கு அவள் மூன்றாம் நாள்தான் வந்தாள், அதையும் விட்டுவிட்டேன்.

உனக்கு நாலு வயதில் அம்மை கண்டபோது என்னென்ன கேட்டாய், நான் என்னென்ன கொடுத்தேன், வரிசையாகச் சொல்வேன். நான் உன்னிடம் கேட்டது ஒரு கட்டில் அகல வெயில். விட்டுப்போயிற்று என்று எழுதினாய்.

கைப்பிடி நேற்று வந்து சேர்ந்தது. பளபள என்று இருக்கிறதாம்.

உன் சம்பாத்தியத்தில் பரக்கத் பெருக துஆ செய்வதை நிறுத்தவில்லை. அது வேறு. அன்றைக்கு டாக்டர் அறையில் இருந்த எல்லாரையும் மன்னித்தாயிற்று. ஒருத்தன் பாக்கி. அவன் அங்கே இல்லை.

உபைதுல்லா மகன் நௌஷாத்.