உடைய வேண்டிய கொக்கி

திருச்சி, வியாழக்கிழமை

அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அப்பா எழுதுறது. ஆண்டவர் புண்ணியத்துல நானும் அம்மாவும் சுகமா இருக்கோம், அங்க சுரபாயாவில நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு தினம் மாதாகிட்ட கேட்டுக்கறோம். அம்மாவுக்கு முட்டி வலி இப்ப தேவலாம், நீ அனுப்பின தைலம் தீர்ந்து போச்சு. பிளாஸ்டிக் கடலுக்குப் போறதுக்கு முந்தியே மடக்கணும்னு நீ செஞ்ச மிதவைத் தடுப்பு, அங்க இருக்கற மீனவ ஊருங்களுக்குக் கொடுக்கறதுக்கு முன்னால நம்ம வாய்க்கால்ல சோதனைக்குக் கட்டிட்டுப் போனியே, அது மார்க்கெட் கவர், பாட்டில் ஒண்ணு விடாம மடக்குது. ஆனா பத்து நாளா மழை விடல, அள்ளுற ஆளுங்க இறங்க முடியல. குப்பை அடைஞ்சு கெட்டியாகி, நேத்து ஒரு நாய் இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு அது மேலயே நடந்து போச்சு. தண்ணி போக வழியில்லாம ஏறிக்கிட்டே வருது. சாரா பீவி வீட்டுல மூணு படியில ரெண்டு முழுகிடுச்சு. சின்னதுல நீ நோன்புக் கஞ்சிக்கு ஓடுவியே, அந்த வீடுதான்.

தடுப்பைக் கரையோட பிடிச்சிருக்கற கொக்கி உடைஞ்சு, தடுப்பு ஓரமா ஒதுங்கியிருக்கணுமேன்னு நீ கேட்ப. வெள்ளம் வந்தா உடையட்டும்னுதான் அதை மெல்லிசா வச்சிருக்கேன், தொட்டுடாதீங்கப்பான்னு படிச்சுப் படிச்சு சொன்ன. நான் கேட்கல. முப்பத்திரண்டு வருஷம் பாய்லர் வெல்டிங் பண்ணினவன், மகள் செஞ்சது இந்த ஒல்லிக் கம்பியில தொங்குதேன்னு பொறுக்காம, நீ பிளேன் ஏறின மறுநாளே தடி இரும்பு வச்சு வெல்டு அடிச்சுட்டேன். ஃபேக்டரில என் வெல்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் ஒருத்தரும் குறை சொன்னதில்ல. இப்ப அது உடையணும்னு ஜெபமாலை சொல்றேன், உடையல. அந்தப் பொண்ணு கொண்டு வந்த சனியன்னு தெருவே உன்னைத் திட்டுது, நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். வெக்கமா இருக்கும்மா. இன்னிக்குத்தான் சாரா பீவிகிட்ட உண்மையைச் சொன்னேன், அவங்க கதவைச் சாத்திக்கிட்டாங்க.

நாளைக்கு அணையில இருந்து இன்னும் தண்ணி திறக்கறாங்களாம். கொக்கி நாலு விரல்தான் வெளிய தெரியுது, அதுவும் முழுகிட்டா கேஸ் கட்டர் வேலைக்காகாது. காலையில முதல் பூசை முடிஞ்சதும் என்கூட ஃபேக்டரில இருந்த ஸ்டீபன்ராஜ் கட்டரோட வரான், இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு நான் இறங்கறேன். என் வெல்டை எங்க அறுத்தா விடும்னு எனக்குத்தான் தெரியும். விட்ட உடனே மொத்தக் குப்பையும் தண்ணியோட பாயும், அதுக்குள்ள கரையேறணும். போன்ல சொன்னா வேணாம்ப, அதான் எழுதறேன். அம்மாகிட்ட வாய்க்காலைப் பார்த்துட்டு வரேன்னு மட்டும் சொல்லியிருக்கேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். கடற்கரையில கட்டும்போது இது பத்தாதுன்னு எவராவது பலமாக்க வந்தா கிட்ட விடாத. இது உன் கைக்கு வர்றதுக்குள்ள எப்படியும் முடிஞ்சிருக்கும். நானே போன்ல எல்லாத்தையும் சொல்லியிருந்தா கிழிச்சுப் போட்டுடு. சொல்லியிருக்கலன்னா பத்திரமா வச்சுக்கோ, உன் கணக்குல தப்பில்லன்னு கேட்கிறவங்ககிட்ட காட்ட இது வேணும்.

என் கைப்பட,
அப்பா அற்புதசாமி