பெயர் நீக்கப்பட்ட நால்வர்

மிஸ்,

பிரார்த்தனைக் கூடத்தில் வார்னிஷ் வாசனை மூன்று நாளாகியும் போகவில்லை. காலையில் வரிசையில் நிற்கும்போது அது மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் போன நம் பள்ளி மாணவர்களின் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டார்கள். தேக்குப் பலகை, பொன்னிற எழுத்து, பதினொரு பெயர்கள். நம்முடைய நான்கு பேர் அதில் இல்லை.

"மிஸ்னு கூப்பிடாதம்மா, நான் வெறும் கிளார்க்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். எனக்கு வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

போன வருஷம் வரலாற்றுப் பாடத்துக்காகப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி வாங்கி உங்கள் மேசைக்கு வந்தேன். மதிய இடைவேளையில் மட்டும், அதுவும் நான் தொடக்கூடாது, நீங்கள்தான் பக்கம் புரட்டுவீர்கள். ஒரு கையில் தயிர்சாத டப்பா, ஒரு கையில் பதிவேடு. "வாங்க ஆராய்ச்சியம்மா, கணக்குப் பரீட்சைக்கும் இப்படித்தான் வரீங்களா?" என்று நீங்கள் கேட்டதும் ஆபீஸே சிரித்தது.

ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஃபாரம் பையன்கள் நான்கு பேர் இருந்தார்கள். அது இப்போதைய பத்தாம் வகுப்பு, என் வகுப்பு. நால்வருக்கும் நேராக ஒரே சிவப்பு மையில் ஒரே காரணம்: தொடர்ந்து வராததால் பெயர் நீக்கப்பட்டது.

"நாலு பேரும் சேர்ந்து கட் அடிச்சிருக்காங்க மிஸ்" என்று நான் சிரித்தேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, இரும்பு பீரோவைத் திறந்து, உள்தட்டிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து என் முன் வைத்தீர்கள். அந்த நால்வரில் ஒருவனான ஏழுமலை தன் தமிழ் வாத்தியாருக்கு எழுதியது. பட்டாளத்தில் சேர்ந்துவிட்டோம், சொன்னால் வீட்டில் விடமாட்டார்கள் என்று சொல்லாமல் வந்தோம், யுத்தம் முடிந்ததும் வந்து பரீட்சை எழுதுகிறோம், அதுவரை எங்கள் பெயரை எடுத்துவிட வேண்டாம். கீழே நால்வரின் கையெழுத்து. அட்டை வந்து சேர்வதற்குள் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். பிறகு அவர்கள் திரும்பினார்களா என்று பதிவேட்டில் ஒன்றுமே இல்லை.

பழைய காகிதங்களை எடைக்குப் போட்ட அன்று அது கீழே விழுந்ததாம். "போட மனசு வரல" என்றீர்கள். பதினாறு வருஷம் பத்திரமாக வைத்திருந்தீர்கள். அதை யாரிடமும் காட்டவும் இல்லை.

பழைய மாணவர் குழு பலகை வைக்கப்போகிறது என்று தெரிந்ததும், இரண்டு நிமிஷம் கொடுங்கள், போனில் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிடலாம் என்று கெஞ்சினேன். "ஆபீஸ் காகிதத்த போட்டோ எடுக்கக்கூடாது. முறையா போகலாம்" என்றீர்கள். முறையாகவே போனோம். மூன்று விண்ணப்பங்கள், மூன்றுக்கும் அனுப்புகை எண். முதல் இரண்டுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதற்கு, அட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லிப் பதில் வருவதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அப்புறம் நீங்கள் இல்லை.

அட்டை பீரோவுக்குள் இருக்கிறது. உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் சாரிடம் சாவியும் இருக்கிறது. ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறதென்று பட்டியல் போட்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஒப்படைக்கும்வரை திறக்கமாட்டாராம். குழுச் செயலாளரிடம் போனேன். அவரும் இங்கே படித்தவர்தான். அட்டையைப் பார்த்தவள் நான் என்றேன். "டி.சி. வாங்காம போனவங்கள எப்படிம்மா பழைய மாணவர்னு சொல்றது? அப்புறம் ஓடிப்போனவன் எல்லாம் வந்து நிப்பான்" என்றார். சண்டைக்குப் போகிறவன் ஆபீஸில் வரிசையில் நின்று டி.சி. வாங்கிக்கொண்டா போவான், சார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அன்று முழுக்க அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

உங்களையும்தான். அன்றைக்குச் சிவப்பு மையில் எழுதிய குமாஸ்தாவும் முறைப்படிதான் எழுதியிருப்பார். நீங்களும் முறைப்படிதான் என் போனைப் பைக்குள் வைக்கச் சொன்னீர்கள். ஆனால் நீங்கள் முறையை மீறி ஒதுக்கி வைத்ததால்தான் அந்த அட்டையே மிஞ்சியிருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்குப் புரியவில்லை, மிஸ். நீங்கள் இருந்திருந்தால் ஒரு இடைவேளை முழுக்கச் சண்டை போட்டிருப்பேன்.

இன்று காலை நான்காவது விண்ணப்பத்தைக் கொடுத்தேன். பலகைக்கு அல்ல, பதிவேட்டில் அந்தக் காரணத்தைத் திருத்துவதற்கு. அதற்கு ஒரு படிவம் இருப்பதைத் தேடிப் பிடித்தேன். அட்டையில் இருந்ததை நினைவிலிருந்து வார்த்தை பிசகாமல் எழுதி இணைத்தேன். புது சார் படித்துவிட்டு, யாரும்மா இதையெல்லாம் கேட்கப்போகிறார்கள் என்றார். நான்தான் கேட்கிறேன் என்றேன். நகலில் முத்திரை வைக்காமல் நகரமாட்டேன் என்று நின்றேன். முதல் மணி அடித்தும் நின்றேன்.

அவர் முத்திரையைக் கையில் எடுத்தவர், படிவத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். மாணவருக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு என்று கேட்டிருந்த இடம். அதை நான் காலியாக விட்டிருந்தேன்.

"இதை எழுதாம வாங்க முடியாதும்மா."

பேனாவைத் திறந்து எழுதினேன்: ஒரே வகுப்பு.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். நகல் என் பையில் இருக்கிறது.