‘ஓடுது’ என்பதும் சரியான விடையே

அனுப்புநர்:
ஆறு வயதுச் சிறுமியின் தகப்பன்,
முடிதிருத்துநர்,
பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடை.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி அலுவலகம்.

பொருள்: ‘நாய் ஓடுது’ என்று விடை சொன்ன என் மகளுக்கு மொழி வளரவில்லை என முடிவுகட்டிப் பயிற்சி வகுப்பை நிறுத்தியதை ரத்து செய்யக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

1. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. அறுவை செய்து காக்ளியர் கருவி பொருத்தினார்கள். தலையில் காந்தத்தால் ஒட்டி நிற்கும் அதன் வெளி வட்டு ஒருநாள் காணாமல்போய், கடையையே தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் என் கத்தரியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மாட்டிவிட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “ரொம்ப நேரம் தேடினியாப்பா?” என்பதாகும். இது தங்கள் அலுவலகப் பயிற்சியின் பலன் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். புகார் இனிமேல்தான்.

2. சென்ற மாதத் தேர்வில், தேர்வாளர் தம் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு, ஒரு படத்தைக் காட்டி, “நாய் என்ன செய்கிறது?” என்று கேட்டார். என் மகள், “நாய் ஓடுது” என்றாள். உதட்டைப் பார்க்காமல், காதால் மட்டுமே கேட்டுச் சொன்ன பதில்! எனக்கு அங்கேயே விசிலடிக்கத் தோன்றியது. அலுவலகமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். ஆனால் அவர் கையிலிருந்த தாளில் ‘ஓடுகிறது’ என்று இருந்ததால், தவறு என்று குறித்தார். ‘பூனை தூங்குது’, ‘அம்மா துணி மடிக்கிறாங்க’ ஆகியவற்றுக்கும் அதே கதிதான். “ஓடுதுல்ல? நல்லாப் பாருங்கக்கா” என்று அவள் எடுத்துச் சொன்னது, ‘தேவையற்ற பேச்சு’ என்ற கட்டத்தில் ஏறியிருக்கிறது.

3. அம்மையீர், என் கடை நாற்காலியில் உட்கார்ந்த எவரும் இதுவரை, ‘முடி வளர்ந்திருக்கிறது, வெட்டுவீராக’ என்று சொன்னதில்லை. தாங்களும் வீட்டில், ‘பால் பொங்குகிறது’ என்று கத்திக்கொண்டு அடுப்புக்கு ஓடுவதாக நான் நினைக்கவில்லை, தவறாயின் பொறுத்தருளவும். காதில் விழுவதைத்தானே பிள்ளை பேசும்? ‘கிறது’ எல்லாம் பள்ளிக்கூடத்தில் எழுதிப் படிக்கும்போது தானாக வந்துவிடும்.

4. மொழி வளர்ந்ததற்குச் சான்று வருமாறு: போன வாரம் ஷேவிங்குக்கு வந்த ஒரு வழுக்கைத்தலைக்காரரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மாமாவுக்குத்தான் முடியே இல்லியே, அப்புறம் எதுக்குப்பா வந்தாரு?” என்று கேட்டாள். கடையே அதிர்ந்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அந்த மாமாதான். என் மனைவி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். பேசவே மாட்டாளோ என்று நாங்கள் பயந்த பிள்ளை, வாடிக்கையாளரை விரட்டுகிற அளவுக்குப் பேசுகிறாள்.

5. குறையே இல்லை என்று சொல்லவில்லை. சீப்பைக் கேட்டால் ‘தீப்பு’ என்று சொல்லித்தான் நீட்டுகிறாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறிப்போகிறாள். வகுப்பு வேண்டும் என்பது இதற்காகத்தான். இப்போது நிறுத்தினால், இவ்வளவு தூரம் வந்த பிள்ளை பாதியிலேயே நின்றுவிடுவாளோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

6. ஆகவே, வீட்டில் பேசுகிற தமிழிலேயே அவளை மறுபடி சோதிக்கவும், அதுவரை வகுப்பைத் தொடரவும் உத்தரவிடுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தாங்களே நேரில் கேள்வி கேட்டாலும் மகிழ்ச்சி. அவள் திருப்பிக் கேட்பவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

7. தேர்வாளர்மீது எங்களுக்கு வருத்தமில்லை. என் மகளுக்கோ இரக்கம்தான். வகுப்பு நின்ற காரணத்தைச் சொன்னபோது சற்று யோசித்துவிட்டு, “நான் சொன்னது அந்த அக்காவுக்குக் கேக்கலையாப்பா? பாவம். அவங்களுக்கும் மிஷின் வெச்சுவிடச் சொல்லுப்பா” என்றாள். இக்கோரிக்கையையும் தங்கள் மேலான பரிசீலனைக்குச் சமர்ப்பிக்கிறேன்.

இடம்: கடை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
சிறுமியின் தகப்பன்