மகளிர் விருந்தில் பாதியில் நின்ற திமிங்கிலப் பாட்டைக் குறித்து

வளம் நிலைக்க. ஏழு துறைகளுக்கும் விளக்கேற்றியவரும் நீலவரை நாட்டுக்கு நிழல் தரும் குடையை உடையவருமான பேரரசி எழினி மாதேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலை நாயகம் முடவூர் ஆதன் எழுதுவது. சங்குமுனைத் துறையின் தலைவரும், புயலுக்கும் கலங்களுக்கும் நடுவே நிற்பவருமான பண்ணனார் காண்க. உம் துறையில் காற்று மென்மையாக வீசுக. உம் கலங்கள் போன வழியே திரும்புக. உம் மனையோர் கவலையின்றி உறங்குக.

உம் துறையில் கலங்களுக்கு வழிகாட்டும் நீகான் அலைவாய் நங்கை மகளிர் விருந்தில் பாட்டின் நடுவே வாயடைத்து நின்றாள் என்றும், அதனால் மகளிர் அவையில் அவளுக்கு வரவேண்டிய இருக்கை பறிபோயிற்று என்றும் கேள்வியுற்று, எம் பெண்ணை அழைத்து வைத்து அவமதித்தீரோ என்று சினந்து எழுதியிருந்தீர். நடந்ததை நடந்தபடி அறிவீராக.

விருந்துகளுக்குப் பாட்டுத் தேர்ந்து கொடுக்கும் வேலையை அரண்மனையில் செய்பவள் மருதி என்பாள். வரைந்த ஓவியங்கள் விளக்கொளியில் ஓடியும் பேசியும் காட்டும் அனிமே என்னும் கதைகள் கீழைத் தீவுகளிலிருந்து வந்த நாள்முதல், நம் மகளிர்க்கு அவற்றின் பாட்டுகள் மேல் தீராத மோகம். வளையணி விழாவோ புதுமனை புகுவிழாவோ, எதுவானாலும் அனிமே பாட்டுத்தான். எதைப் பாடுவது என்று கேட்டு ஒன்பது ஆண்டுகளாக மருதியின் வாசலில் பல்லக்குகள் வந்து நிற்கின்றன. ஒருத்திக்குத் தன் பாட்டு எல்லார்க்கும் தெரிந்ததாக இருக்கவேண்டும், ஆனால் அதை வேறெவரும் பாடியிருக்கக் கூடாது. இன்னொருத்திக்கு இனிமையாகவும் இருக்கவேண்டும், மாமியார் முகம் சுளிக்காத அளவுக்கு வீரமாகவும் இருக்கவேண்டும். குரல் ஏறாதவள் உச்சத்தில் நிற்கும் பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், விருந்தன்று கீச்சிட்டுவிட்டு, மறுநாள் மருதியை வைவாள். அத்தனைக்கும் தலையாட்டித் தலையாட்டி அவள் கழுத்தே தேய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் வீட்டில் தாலாட்டுக் கேட்டாலும் எழுந்து வெளியே போய்விடுகிறாளாம்.

இப்படி அவள் சோர்ந்திருந்த வேளையில்தான் உம் நங்கை வந்தாள். அவைக்குப் புதிதாக வருபவள் விருந்தில் ஒரு பாட்டு முழுவதும் பாடவேண்டும், நடுவில் நின்றவளுக்கு ஓராண்டு இருக்கையில்லை என்பது மரபு. உம் துறையின் முனைப்பாறையில் ஒரு கலங்கரை விளக்கம் வேண்டுமென்று அவையில் கேட்பதற்கே நங்கை அந்த இருக்கையை நாடினாள். சென்ற கார்காலத்தில் அப்பாறையில் மோதி மூழ்கியவர் பதினொருவர் என்பதை நீர் மறந்திருக்கமாட்டீர். இன்னொரு கார்காலம் விளக்கின்றிப் போகக்கூடாது என்பதே அவள் கவலை. ஆனால் புயலில் கூவிக் கூவி அவள் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. கொஞ்சும் பாட்டு எதுவும் அதில் ஏறாது என்று முதற் சொல்லிலேயே கண்டுகொண்ட மருதி, மேகத் திமிங்கிலத்தின்மேல் ஏறி உலகைச் சுற்றும் சிறுவனின் பாட்டைக் கொடுத்தாள். தாழ்ந்த குரலுக்கு ஏற்றது, துள்ளலானது, நகரத்தில் அறியாதவர் இல்லாதது.

மூத்த அவைமகள் கொற்றியார் அதற்கும் குறை சொன்னார். ஆண்பிள்ளை பாட்டைப் பெண் பாடுவதா, நாளை மீசையும் வைத்துக்கொண்டு வருவாளோ என்று கேட்டார். தீவு நாட்டில் அச்சிறுவனுக்குக் குரல் கொடுப்பவள் ஐம்பத்திரண்டு அகவையான ஒரு பெண்தான் என்றும், அவளுக்கு மீசையில்லை என்றும் மருதி அலுப்போடு விடையிறுக்க, அவையினர் சிரித்தனர், கொற்றியார் சிரிக்கவில்லை.

விருந்து நடுப்பகலில் நடந்தது. நங்கை எழுந்தபோது, கப்பற்பாயை இறக்கச் சொல்லப் போகிறாள், கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பின்வரிசையில் ஒருத்தி கிசுகிசுத்தாள். ஆனால் பாட்டுத் தொடங்கியதும் அவளும் சேர்ந்து கைதட்டினாள். மண்டபமே கூடப் பாடியது. முதற் பகுதி முடிந்து, எல்லாரும் ஆரவாரிக்கக் கையுயர்த்திய வேளையில், இசைவாணர்கள் நிறுத்தவில்லை.

மருதி பிழை செய்தது இங்கேதான். கதை தொடங்குமுன் நாள்தோறும் ஒலிப்பது பாட்டின் முற்பகுதி மட்டுமே. நம் நாட்டார் கேட்டதும், நம் மகளிர் ஒன்பது ஆண்டுகளாகப் பாடியதும், இசைவாணர்கள் வாசித்து வந்ததும் அவ்வளவே. அந்தத் திங்களில்தான் தீவிலிருந்து பாட்டுகளின் முழு ஏடுகள் வந்து சேர்ந்தன. புது ஏட்டைக் கண்ட மகிழ்ச்சியில் இசைவாணர்கள் முழுவதையும் வாசித்தனர். ஏடு வந்ததை அவர்கள் சொல்லியிருந்தும், எடுத்துப் பார்க்கும் தெம்பு மருதிக்கு இல்லாமற் போயிற்று.

இரண்டாம் சரணம் வந்தது. மண்டபம் அடங்கியது. சொல் தெரியாமல் நங்கை நின்றாள். பிறகு இசைவாணர் முன்னிருந்த ஏட்டைக் கையில் எடுத்தாள். தீவுக் கலங்களோடு பழகியவள் ஆதலின் அவ்வெழுத்தை அறிவாள். வாத்தியங்கள் ஒலித்துக்கொண்டிருக்க, ராகமில்லாத தன் கரகரத்த குரலில், அதைக் கடைசி வரிவரை நம் மொழியில் சொல்லிப் படித்தாள். திமிங்கிலமே, நீ களைத்துவிட்டாய், நானும் களைத்துவிட்டேன், உலகத்தை நாளை சுற்றுவோம், இந்த முகட்டில் இறங்கிக் கொஞ்சம் படுத்திரு என்று சிறுவன் சொல்வதாக அமைந்திருந்தது அச்சரணம்.

கொற்றியார் எழுந்து, இது படிப்பு, பாட்டன்று, ஆகவே இவள் பாதியில் நின்றவளே என்றார். அப்போது மருதி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழுப் பாட்டையும் பாராமல் கொடுத்தது தன் பிழை என்றும், இங்குள்ள நாற்பதின்மரில் எவரும் இன்றுவரை ஒரு பாட்டையும் முழுதாகப் பாடியதில்லை என்றும், இந்த இரண்டாம் சரணத்தை அறிந்தவர் எவரேனும் எழுந்து பாடினால் நங்கையை அனுப்பிவிடலாம் என்றும் சொன்னாள். எவரும் எழவில்லை. கொற்றியார் தம் வளையல்களைத் திருத்திக்கொண்டார். மருதி அங்கேயே தரையில் அமர்ந்து, தூணில் சாய்ந்து, வாத்தியம் ஒலிக்கும்போதே உறங்கிப்போனாள்.

மேலிருக்கையிலிருந்து இவையாவும் கண்ட பேரரசியார் அருளிய ஆணை வருமாறு. படித்தேனும் பாட்டை முடித்து, மரபை அந்த மண்டபத்தில் நிறைவேற்றியவள் அலைவாய் நங்கை ஒருத்தியே ஆதலின், அவளுக்குரிய இருக்கை அவளுக்கே. அவள் கேட்ட கலங்கரை விளக்கத்துக்குக் கல் சுமக்கும் கலங்கள் இவ்வோலையோடு புறப்படுகின்றன. கார்காலத்துக்குமுன் விளக்கெரியச் செய்வது உம் கடன். மற்ற அவைமகளிர் நாற்பதின்மரும், கொற்றியார் உட்பட, இனித் தத்தம் பாட்டைத் தாமே முழுதும் கேட்டுத் தாமே தேர்ந்துகொள்க. பாட்டுத் தேர்ந்து தரும் மருதியை விருந்தின் பேரால் எவரும் எழுப்பலாகாது. உணவுக்குச் சற்று விழிப்பதன்றி, விருந்துநாள் முதல் இவ்வோலை முத்திரை பெறும் இந்நேரம்வரை அவள் எழவில்லை. அவள் துயில் கலையாதிருக்க, முரசறையாமலே இவ்வாணை விடுக்கப்படுகிறது.

மீன்கொத்தி முத்திரை இட்டோம். ஓலையில் கண்டவாறே செய்க.