கல்யாணத்துக்கு எடுத்துப் போகாத ஊசி

அத்தா,

நீங்கள் போய் இன்று நாற்பதாம் நாள். ஃபாத்திஹா ஓத வந்தவர்களுக்காக அடுப்பில் நெய்ச்சோறு வேகிறது. அந்த வாசனை கூடத்துக்கு வந்ததும் எல்லோரும் உங்களை நினைத்துக் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்மேல் கோபம் கூடாதாம். எனக்கு இருக்கிறது, என்ன செய்ய?

நயா பைசா வந்த வருடம், என் எட்டு வயதில், சீனி வியாதி என்று தெரிந்தது. தினமும் ஊசி, வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம் சோறு என்றார் டாக்டர். அம்மா அழுதாள். நீங்கள் அழவில்லை. நேராகப் போய் வெஞ்சனத்துக்கு ஈரலும் முட்டையும் முருங்கைக்கீரையும் வாங்கி வந்தீர்கள். "சோத்த வெஞ்சனமா வச்சுக்க, வெஞ்சனத்தச் சோறா வச்சுக்க, அம்புட்டுத்தான்" என்றீர்கள். நான் ஏங்கிப் போவேன் என்று அன்றிலிருந்து நீங்களும் ஒரு கிண்ணத்தோடு கை கழுவினீர்கள். தோல் பதனிடும் ஷாப்பில் நாளெல்லாம் பாடுபட்ட உடம்பு, பசித்திருக்கும். காலையும் மாலையும் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, நீங்களேதான் போட்டுவிட்டீர்கள். எதையும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் வாசலைத் தாண்டினால் என் வியாதிக்குப் பெயரே கிடையாது. பெண் பிள்ளை அல்லவா, தெரிந்தால் யார் கட்டுவார்கள்? உங்கள் அக்கா, சித்தையன்கோட்டை மாமி, தன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தாள். எனக்குப் பதின்மூன்று வயது. மாமி வீட்டில் மூத்தவளுக்குக் கல்யாணம், இரண்டு நாள் விருந்து. பஸ் ஏறும் முன் சொன்னீர்கள்: "ரெண்டு நாளைக்கு எல்லாரு மாதிரியும் சாப்புடும்மா. ஊசி வீட்டுலயே இருக்கட்டும், வெளிய எடுத்தா மாமி கேப்பா. வீட்டுக்கு வந்து போட்டுக்கலாம்."

நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அதில் கிண்ணக் கணக்கு ஏது? வரப்போகும் மருமகள் என்று மாமி தன் பக்கத்துச் சோற்றைக் கறியோடு என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசியில் இனிப்புச் சோறு வேறு. தின்றேன். இரண்டு நாளும் தின்றேன். பொய் சொல்வானேன், ருசியாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஓயாத வாந்தி, மூச்சிரைப்பு. வாடகைக் கார் பிடித்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தீர்கள். அம்மாவோடு மாமியும் கூடவே வந்தாள். எனக்குக் கண் திறக்கவில்லை, காது மட்டும் கேட்டது.

"புள்ளைக்கு முன்னாடி ஏதும் வியாதி உண்டா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கல" என்றீர்கள்.

டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார், அதுவும் சீனித் தண்ணீர்தானே. அப்போதும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை, அத்தா.

வேற்று ஆண் முன்னால் பேசவே கூசும் அம்மாதான் கத்தினாள். "புள்ளைக்குச் சீனி வியாதிங்க! அஞ்சு வருசமா ஊசி போடுறோம், ரெண்டு நாளாப் போடல! சம்பந்தம் போனாப் போகுது, எம்புள்ளையக் காப்பாத்துங்க!"

பிழைத்தேன். சம்பந்தம் போனது. வீடு திரும்பிய மறுநாள் வழக்கம்போல ஊசியைக் கொதிக்கவைத்தீர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கடைசிவரை பேசவில்லை. ஐந்து வருடம் அரை வயிற்றோடு கிடந்து வளர்த்த பிள்ளையை, மாமி காதில் ஒரு சொல் விழக்கூடாது என்பதற்காகச் சாகவிட எப்படி மனம் வந்தது? கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று நான் வருடங்களைக் கடத்த, நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்களைக் குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது எனக்கு ஊசி நேரம் வந்தது. சுற்றிலும் பெண்கள். நான் அங்கேயே சட்டைக் கையைச் சுருட்டினேன்.

"உள்ள போயிப் போட்டுக்கம்மா, ஆளுக பாக்குது" என்றாள் மாமி.

"பாக்கட்டும் மாமி. எனக்குச் சீனி வியாதி. எட்டு வயசுல இருந்து இருக்கு."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உங்களை இன்னும் எடுக்கவில்லை. உங்கள் காதிலும் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.