கதவைப் பிடித்து நிற்கிறவள்

4 ஜூன் 2025, புதன்

மழை. துணி ஒன்றும் உணங்கவில்லை.

சிவதாணு ஆபீசில் இருந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான். பகவதி மைனியை அவள் மகன் கிரீஷ் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகிறானாம். இனி அங்கேயேதானாம். 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே சாப்பிட வருகிறாள், சொல்லிக்கொண்டு போக.

"அம்மா, அன்னைக்கு அந்தப் பழைய கதையை எடுக்கப்பிடாது. எண்பது வயசு ஆளு. எனக்கு வாக்கு தரணும்."

"எந்தக் கதை?"

"உங்களுக்குத் தெரியும்லா."

என் மகன் என்னிடமே வாக்குக் கேட்கிறான். வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். அவனுக்கு நிம்மதி. போய்ச் செருப்பைக் கழற்றினான்.

5 ஜூன்

பழைய கதையாம்! எழுதக்கூடாது என்று அவன் சொல்லவில்லை.

1986, ஆவணி. அப்போது சாலை பஜாரில் எங்கள் கடைக்குப் பின்னால் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். பகவதி மைனி என் வீட்டுக்காரரின் அக்காள். அவள் வைத்ததுதான் சட்டம். அன்றைக்கு அவள் மகள் திவ்யலட்சுமியைப் பெண் பார்க்க வருகிறார்கள். விடிந்ததில் இருந்து நான் அடுப்படியில். இட்லி வெந்துகொண்டிருந்தபோது கடையில் வேலை பார்த்த இசக்கிப்பாண்டி வாசலுக்கு வந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைனி மஞ்சள் சேலை, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் என்னவோ சொன்னான். கதவைச் சாத்திவிட்டாள்.

"யாரு மைனி?"

"பால்காரன்."

பால்காரன்! ஆரல்வாய்மொழியில் என் அம்மை செத்துப்போன செய்தி அது. கடை போனுக்கு வந்தது. சொன்னால் தீட்டு, வருகிறவர்களை நிறுத்த வேண்டும். கேசரி கிண்ட ஆள் இருக்காது. மத்தியானம் பச்சைப் பட்டுக்கு மாறினாள். வந்தார்கள், தின்றார்கள், போனார்கள். விளக்கு வைத்த பிறகு என்னிடம் வந்து, "இப்போதான் ஆள் வந்துட்டுப் போறான், ஆவுடை" என்றாள். நான் ஊரில் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை ஈரமாக இருந்தது. அம்மை முகத்தை நான் பார்க்கவில்லை.

காலையில்தான் வந்தேன் என்று இசக்கிப்பாண்டி என்னிடம் சொன்னான். அவன் இப்போது இல்லை. மைனிக்கு இன்றுவரை ஒரே பேச்சு: "அவன் வந்ததே அந்திக்குத்தான்." சிவதாணு அத்தையைத்தான் நம்புகிறான். "அம்மாவுக்கு ஓர்மை ஜாஸ்தி, ஆனா கொஞ்சம் கூட்டிச் சொல்லும்" என்று ஒருநாள் போனில் யாரிடமோ சொன்னான். ஞாபகம் ஜாஸ்திதான். கூட்டிச் சொல்லுகிறேனா நான்?

அவள் என் காலில் விழ வேண்டாம். காலையில் வந்தான் என்று ஒரு தடவை அவள் வாயால் சொல்லட்டும், சிவதாணு காதுபட. அவ்வளவுதான்.

7 ஜூன், சனி

பேத்தி அனுஷாவுக்கு டெக்னோபார்க்கில் வேலை. மீதி நேரமெல்லாம் பொம்மை. பெட்டிக்குள் தலை, கை, கால் தனித்தனியாக வரும், ரப்பர் போல, உள்ளே ஒன்றும் இல்லாமல் பொள்ளையாக. வினைல் என்கிறாள். பொருத்தி ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அலமாரியில் ஒரு பெட்டி பிரிக்காமல் கிடந்தது. கொம்பு வைத்த ராட்சசி, தரை வரைக்கும் கவுன், கையில் வாள்.

"இதை எனக்குத் தா மக்களே. ஒருத்தியைச் செய்யணும்."

சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "பகவதிப் பாட்டியா? அய்யோ ஆச்சி, அப்பா என்னைக் கொல்லும்!"

"வாயைத் திறக்க மாட்டேன்னுதான் வாக்கு. கையைப் பத்தி உங்கப்பன் ஒண்ணும் கேக்கல்ல."

9 ஜூன்

அச்சில் இருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்குப் போக, பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கையை வெந்நீரில் போட்டால் வாழைப்பழம் மாதிரி குழைகிறது. அப்போது வளைத்துப் பச்சைத்தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். வாளை வெட்டி எறிந்தேன். ஓங்கின கையைக் கீழே இறக்கி, விரலைக் கதவு பிடிக்கிற மாதிரி மடக்கினேன். பழைய சாம்பிராணிப் பெட்டிப் பலகையில் ஒரு கதவு.

கொம்பு இருக்கட்டுமா என்று அனுஷா கேட்டாள். நல்ல பொருத்தம்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பைப் பார்த்தால் மைனிக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பேச்சு கொம்போடு போய்விடும். வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் கொண்டை.

12 ஜூன்

குழாய் ஒழுகினால் அடைக்கிற எம்-சீலைப் பிசைந்து கவுன் மேல் சேலை மடிப்பு வைத்தேன், முந்தானை வைத்தேன். ஊசியால் கோடு. அனுஷா போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "பாட்டி முகம் இதைப் பார்த்துச் செய்யுங்க" என்றாள். படம் எதற்கு? இடது புருவம் கொஞ்சம் மேலே. பொய் சொல்லும்போது கீழ் உதடு உள்ளே போகும். எனக்குத் தெரியாதா?

மூக்கு மட்டும் மூன்று தடவை சுரண்டி எடுத்தேன். கைநடுக்கம் இல்லை. கோபத்தில் எனக்குக் கை நடுங்காது.

14 ஜூன்

சாலை பஜாரில் ஹார்டுவேர் கடை பிரதீஷிடம் மஞ்சள் எனாமல் சின்ன டின் கேட்டேன்.

"இரும்பு கேட்டுக்கு அடிக்கவா அம்மச்சி?"

"ஒருத்திக்குச் சேலை."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லது.

அடித்துவிட்டேன். அதே மஞ்சள்.

17 ஜூன்

உணங்கவில்லை. தொட்டால் விரல் ஒட்டுகிறது. சனியன் பிடித்த மழை.

18 ஜூன், புதன்

உணங்காததற்கு மழை காரணம் இல்லை. எம்-சீல் வைத்த மடிப்பிலும் முந்தானையிலும் நன்றாக உணங்கிவிட்டது, பொம்மையின் உடம்பில் மட்டும் பிசுபிசு என்று இருக்கிறது. அனுஷாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"எனாமலா? ஆச்சி, எனாமல் வினைல்ல ஒரு காலத்தும் உணங்காது! அடுத்த வருஷமும் இப்படியே ஒட்டும். என்கிட்ட கேட்டிருக்கலாம்லா?"

கேட்கவில்லை. யாரிடமும் கேட்டுச் செய்து எனக்குப் பழக்கம் இல்லை. அதுதான் வினை. துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தோம். அவளிடம் இருக்கிற அக்ரிலிக் பெயிண்டில் மஞ்சள் தீர்ந்துவிட்டது. ஆர்டர் போட்டால் வர ஒரு வாரம் ஆகுமாம். பச்சை ஒரு குப்பி நிறைய இருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. இந்த வயதில், ஒரு டின் பெயிண்டுக்கு.

19 ஜூன்

காலையில் பல் தேய்க்கும்போது தோன்றியது. பச்சை என்றால் என்ன? பச்சைப் பட்டு என்றால் அந்திக்கு வந்தான் என்று அர்த்தம். அவள் இத்தனை வருஷம் சொல்லுகிறது அதுதானே? சரி. அவள் சொன்னபடியே செய்கிறேன். அவள் பொய்யையே அவளுக்கு உடுத்திவிடுகிறேன். பார்த்துச் சும்மா இருந்தால் இருக்கட்டும். ஆனால் பகவதி மைனி சேலை விஷயத்தில் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"மஞ்சள்னுதானே ஆச்சி சொன்னது?" என்றாள் அனுஷா.

"பச்சையை எடு."

21 ஜூன், சனி

முடிந்தது. சேலைக் கரையில் கோடு போட்டது நான், கண்மணி வைத்தது அனுஷா. கூடத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். சிவதாணு பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"என்னம்மா இது?"

நான் வாயைத் திறக்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய்விட்டேன்.

22 ஜூன், ஞாயிறு

வந்தாள். கூட கிரீஷ். தடி ஊன்றி வந்தாலும் தலை நிமிர்ந்துதான் இருக்கிறது. உட்காரும் முன்பே அலமாரியைப் பார்த்துவிட்டாள். அனுஷாவிடம் எடுக்கச் சொல்லி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இது நான்லா?"

"ஆச்சி செஞ்சது, பாட்டி."

"மூக்கு என் மூக்குதான். சவத்துக்கு நல்லா வந்திருக்கு."

"அத்தை, சாப்பிட வாங்க" என்றான் சிவதாணு. கிரீஷும், "அம்மே, வா" என்றான். அவள் அசையவில்லை. கதவைத் தடவினாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. நான் இலை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"கதவைப் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். இசக்கிப்பாண்டி வந்த அன்னைக்கு, என்ன? செய், செய், நல்லாச் செய்துக்கோ. ஆனா ஆவுடை, பச்சைப் பட்டை உடுத்திக்கிட்டா நான் கடைப் பையன்கிட்ட வாசல்ல நின்னு பேசுவேன்? உனக்குப் பெரிய ஓர்மைன்னு பேரு! நான் அப்போ அந்த மஞ்சள் சேலையில்லா உடுத்திருந்தேன். பட்டு அவங்க வாறதுக்கு முன்னால, மத்தியானம்லா—"

நிறுத்தினாள். கீழ் உதடு உள்ளே போகவில்லை.

சிவதாணு கையில் தண்ணீர்ச் செம்பு. "அத்தை, அப்போ அவன் வந்தது காலையிலயா?"

 நான் வாயைத் திறக்கவில்லை. வாக்கு வாக்குதான்.

பொம்மையைப் பதனமாக மேசையில் வைத்தாள். "பின்னே? வாறவங்களைத் திரும்பிப் போங்கன்னு சொல்லச் சொல்லுதியா? அதுக்கு முந்தி ரெண்டு இடம் தட்டிப்போச்சு. என் மகளுக்குக் கல்யாணம் நடக்கண்டாமா? நான் செய்ததுதான் சரி. இன்னைக்கு ஆனாலும் அதைத்தான் செய்வேன்."

"அது என் அம்மாவுக்கு அம்மா, அத்தை" என்றான் சிவதாணு. குரல் அவன் குரல் மாதிரியே இல்லை.

அவள் தடியைச் சுவரில் சாய்த்தாள். வந்து இலை முன்னால் உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். அவியலில் உப்புக் குறைவு என்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றாள்.

23 ஜூன்

காப்பி சிவதாணு போட்டுக் கொண்டுவந்தான். சீனி கூடுதல். குடித்தேன்.

29 ஜூன்

கோயம்புத்தூரில் இருந்து மைனி போன். அடுத்த தடவை கிரீஷ் இங்கே வரும்போது அந்தப் பொம்மையை அவனிடம் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றேன். "நீ மாற மாட்டே" என்றாள். "நீங்க மாறினியளா?" என்றேன். பிறகு அங்கே தண்ணீர் வரத்து எப்படி என்று கேட்டேன். நாளுக்கு ஒரு மணிநேரம்தானாம்.

மன்னிக்கவில்லை. தண்ணீரைப் பற்றிக் கேட்டேன், அவ்வளவுதான்.

5 ஜூலை, சனி

சிவதாணு ஒரு பெட்டியோடு வந்தான். அனுஷாவிடம் கேட்டு அவனே வரவழைத்தது. உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், வேறு ஒன்றும் இல்லை. மேசையில் வைத்துவிட்டு விரலால் பெட்டி மூலையைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.

"ஆரல்வாய்மொழிப் பாட்டியை இதுல செய்ய முடியுமாம்மா? எனக்கு முகம் ஓர்மையில்லை. போட்டோவும் கிடையாது."

இத்தனை வருஷம் என்னை நம்பாததற்கு அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அதை விடுகிறதாக இல்லை. ஒருநாள் கேட்பேன்.

"நாடி கொஞ்சம் கூர்மை" என்றேன். "சிரிச்சா வலது பக்கம்தான் முதல்ல சிரிக்கும். வெந்நீர் வை."

வைத்தான்.