அடுத்த அறைக்குப் பினாங்கு வழி

ஜூலை 2, புதன்

இன்று என் மனைவி றிப்னாவிடமிருந்து வந்த ஒரே செய்தி: "மச்சான், உம்மா கேக்குறா, நாளைக்கிச் சூடை மீன் வாங்கவா, பாரை வாங்கவா?"

கேட்ட உம்மா, அதாவது என் மாமி, அப்போது குசினியில் சமைத்துக்கொண்டு நின்றார். நான் விறாந்தையில் இருந்தேன். நடுவில் ஒரு கதவுத் திரை, அவ்வளவுதான். கேள்வி கல்முனைக்குடியிலிருந்து கிளம்பி, றிப்னா இருக்கும் பினாங்குக்குப் போய், மறுபடி கல்முனைக்குடிக்கே வந்து சேர்ந்தது. "சூடை வேணாம்" என்று போட்டேன். அதுவும் கடல் கடந்து போய்க் குசினிக்கு வந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் நேரே கதைப்பதில்லை. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளி மௌலவியே சொல்லிவிட்டார். யார் கேட்கிறார்கள்? பெண் வீட்டில் வந்து குடியிருக்கும் எங்களுக்கு அதுதான் மரியாதை. பாலமுனையில் என் உம்மாவும் தங்கையின் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றதில்லை. றிப்னா இங்கே இருந்தபோது இந்தச் சிரமம் தெரியவில்லை. நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லுவாள், இரண்டு பக்கத்தையும் கேலியும் செய்வாள். மேற்படிப்புக்குப் போன பிறகும் அவள்தான் நடுவில் நிற்கிறாள். கேலிக்கு மட்டும் நேரமில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தால் மேசையில் முட்டைக் குழம்பு. நேற்றும் முட்டை. சூடை வேணாம் என்றேனே தவிர, பாரை வேணும் என்று எழுதாமல் விட்டுவிட்டேன். எனக்கு மீனே வெறுத்துவிட்டதாக மாமி முடிவு செய்திருக்கிறார். இதைத் திருத்த றிப்னாவைத் தொந்தரவு செய்ய வேண்டுமா? முட்டையைத் தின்றேன்.

ஜூலை 7, திங்கள்

என் வேலைத்தலத்தின் தலைமைக் காரியாலயத்திலிருந்து பதில் வந்துவிட்டது! சம்பளமற்ற விடுமுறை கேட்டிருந்தேன். அது கிடைத்தால் அவள் படிப்பு முடியும்வரை அவளோடு போய் இருக்கலாம். பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் மின்னஞ்சலைத் திறந்தேன்.

"இணைப்பைப் பார்க்கவும்."

இணைப்பு இல்லை. இல்லை என்று உடனே எழுதிப் போட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

"தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. நன்றி." — அப்ப இணைப்பு?

ஜூலை 14, திங்கள்

தொலைபேசியில் கேட்டால் நேரில் வரச் சொன்னார்கள். பஸ் ஏறிப் போனேன். அங்கே நிரோசன் என்ற எழுதுவினைஞர். நல்ல பிள்ளை, தேநீரெல்லாம் வாங்கித் தந்தார்.

"அந்த மெயில் அனுப்பின மேடம் லீவில நிக்கிறா சேர். நீங்க ஒரு மெயில் போட்டு விடுங்களன்."

"தம்பி, நேரில வரச் சொன்னது நீங்கதானே?"

"ஓம் சேர். விசயம் என்னண்டு தெரிஞ்சாத்தானே மெயில் போடச் சொல்லலாம்."

கோபப்படவும் முடியவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

றிப்னாவுக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். வட்ஸ்அப்பில் எழுதினால் மீனுக்கும் சமையல் கேஸுக்கும் நடுவில் காணாமல் போய்விடும். கட்டிலில் இன்னமும் ஓரத்தில்தான் படுக்கிறேன், உன் பக்கத்துக்கு வர மனமில்லை என்று எழுதினேன். உன் வாயால் உன் கதை ஒன்று கேட்க வேண்டும், என்ன சாப்பிட்டாய், யாரோடு சிரித்தாய், எதற்குக் கோபப்பட்டாய், அப்படி ஏதாவது. அனுப்பியபின் வெட்கமாக இருந்தது. கலியாணம் முடித்த புதிதில்கூட நான் இப்படி எழுதியதில்லை.

ஜூலை 17, வியாழன்

பதில்: "வாசிச்சன் மச்சான். கேஸ் முடியப் போகுதாம், உம்மா சொல்றா."

கேஸ் எடுத்து வந்து வைத்தேன். வேறென்ன செய்ய?

ஜூலை 20, ஞாயிறு

மஃரிப் தொழுகைக்குப் பிறகு றிப்னாவே கோல் எடுத்தாள். வேறு அறை பார்த்துவிட்டாளாம். "ரெண்டு பேருக்குப் போதும் மச்சான். நீங்க வந்த பிறகு மற்றதெல்லாம் வாங்குவம்" என்றாள். மனம் குளிர்ந்துபோனது. அந்த மின்னஞ்சலைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"நாலஞ்சு தரம் வாசிச்சன். எழுத வெளிக்கிட்டா உம்மாட மெசேஜ் வருது. அத உங்களுக்குச் சொன்னா, நீங்க உம்மாவுக்கு ஒண்டு சொல்றீங்க. அதோட எனக்குக் கெம்பஸ் லெப்புக்குப் போற நேரமாகிடும். நீங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குள்ள இரிக்கீங்க மச்சான். நான்தான் தனிய. எனக்கிட்ட எப்படி இரிக்காய்ண்டு ஆரு கேட்டீங்க?"

அழுதாள். உண்மைதான், நாங்கள் யாரும் கேட்கவில்லை. என் ஏக்கத்தையே பெரிதாகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

மாமியோடு நேரே கதைத்துவிடுவதென்று திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தால் இருமல்தான் வந்தது. திரைக்குக் கீழால் ஒரு கிளாஸ் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 28, திங்கள்

இணைப்பு வந்துவிட்டது. உள்ளே ஓர் உடன்படிக்கை, கையொப்பமிட்டு அனுப்பவேண்டுமாம். அனுப்பவேண்டிய கடைசித் திகதி ஜூலை 18!

கையொப்பமிட்டு, நடந்ததையெல்லாம் விளக்கி அனுப்பினேன். யா அல்லாஹ்.

ஜூலை 31, வியாழன்

"உரிய திகதிக்குள் கிடைக்காமையால் தங்கள் விண்ணப்பம் இவ்வருடம் பரிசீலிக்கப்பட மாட்டாது."

அவர்கள் அனுப்பியதிலேயே தெளிவாக விளங்கிய மின்னஞ்சல் இதுதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

றிப்னா படம் அனுப்பியிருக்கிறாள். புது அறை, இரண்டு தலையணை. "எப்பிடி?" என்று கீழே. பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். என்ன எழுதுவது? ஒன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அசர் தொழுகைக்குப் பிறகு விறாந்தையில் சும்மா இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "மகன்" என்று குரல்.

யாரையோ கூப்பிடுகிறார் என்று வாசலைப் பார்த்தேன். வாசலில் ஒருவருமில்லை.

"ரெண்டு நாளா சோறு அப்பிடியே கிடக்கு. லீவு சரிவரல்லையா?"

எழுந்து நின்றுவிட்டேன். இந்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து மாமி என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி.

"இல்ல மாமி. இந்த வருசம் தர மாட்டாங்களாம்."

நான் இங்கிருந்து போய்விட்டால் இந்த வீட்டில் மாமி தனியாகத்தான் இருக்கவேண்டும். இதுவரை அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அவருக்கு இது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். ஆனால் குரல் அப்படி இல்லை.

"புள்ள ரூமெல்லாம் எடுத்து வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இரிக்காள். அவளுக்கு நான் சொல்லட்டா?"

"வேணாம் மாமி. நானே சொல்றன்."

"அப்ப இப்பயே எடுங்க. ஒளிச்சி வைக்காதீங்க."

திரை விலகியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாமி வந்து, சுவரோரக் கதிரையில், என்னைப் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நான் எடுத்தேன். முதல் மணியிலேயே றிப்னா தூக்கிவிட்டாள்.

"சொல்லுங்க மச்சான், உம்மா என்ன சொல்லச் சொன்னா?"

"உம்மா ஒண்டும் சொல்லல்ல. இஞ்சதான் இரிக்கா. நான்தான் உன்னோட கதைக்க எடுத்தன். நீ எப்படி இரிக்காய்?"